இரண்டாம் உலகப் போரை மையமாகக் கொண்ட ஹெல் லெட் லூஸ் என்ற இணைய வீடியோ விளையாட்டில் மூவர் ஒரே டாங்கியில் ஏறினால் யாருக்கு எந்த வேலை?

குழுவில் நிதானமாகப் பேசத் தெரிந்தவரைக் கமாண்டர் ஆக்குங்கள். பலர் குறிதவறாமல் சுடுபவரைத் தேடுகிறார்கள். என் பார்வையில் அது இரண்டாவது கவலைதான்.

ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிறு பிளவு வழியாகத்தான் பாதை தெரியும். பீரங்கியை இயக்குபவர் குறிநோக்கிக்குள் கண்ணைப் பதித்திருப்பார். சுற்றிலும் பார்க்கக்கூடியவர் கமாண்டர் மட்டுமே. எனவே மற்ற இருவருக்கும் அவர்தான் கண். "அங்கே, அங்கே!" என்று கத்துவதால் பயனில்லை. "120 டிகிரி, கொட்டகைக்கு இடப்புறம், டாங்கி" என்று திசை, அடையாளம், இலக்கு என்ற வரிசையில் சொல்ல வேண்டும். மற்ற குழுத் தலைவர்கள் பேசும் குரல் அலைவரிசையும் அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதில் தேவையானதை மட்டும் தன் குழுவுக்குச் சொல்வது தனித்திறமை.

எதிரி டாங்கி தெரிந்ததும் ஓட்டுநர் முன்பக்கத்தை அதன் பக்கம் திருப்ப வேண்டும். தடித்த கவசம் அங்கேதான் இருக்கிறது. பின்பக்கத்தைக் காட்டித் தப்பியோடுவது எஞ்சினைப் பலி கொடுப்பதற்குச் சமம். ஆகவே ரிவர்ஸ் கியரில் பின்வாங்கப் பழகுங்கள். சுடும் நொடியில் வண்டி நிற்க வேண்டும். சுடுபவர் "நிறுத்து" என்றதும் ஓட்டுநர் ஏன் என்று கேட்கக்கூடாது.

சுடுபவர் ஒவ்வொரு முறையும் தானே குண்டை நிரப்ப வேண்டும். எதிரிக் காலாட்படையைச் சுட வெடித்துச் சிதறும் குண்டு, டாங்கியைச் சுடக் கவசம் துளைக்கும் குண்டு. எது உள்ளே இருக்கிறது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்வது நல்லது.