விருப்பப் பட்டியலின் முதல் வரியில் எதை எழுதுவது?

கேள்வி: என் மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பொறியியல் கட் ஆப் 182.5. நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றதில்லை. அவன் எலெக்ட்ரிக்கல் படிக்க ஆசைப்படுகிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்க வேண்டும் என்கிறார் அவன் அப்பா. அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டரிலோ, "விருப்பப் பட்டியலில் பெரிய கல்லூரிகளை மேலே எழுதினால் வாய்ப்பு வீணாகிவிடும், நிச்சயம் கிடைக்கக்கூடிய பத்தை மட்டும் எழுதுங்கள்" என்கிறார்கள். இதற்கிடையே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து, உடனே பணம் கட்டச் சொல்லி தினமும் போன் வருகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிரவுசிங் சென்டரில் சொன்னது தவறு. அதைக் கேட்டு நடந்தால் உங்கள் மகனுக்கு இழப்பு நேரலாம். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து, அங்கேயே தேர்வு செய்வார்கள். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். காலியிடத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதற்குப் பதிலாக, விருப்பங்களை முன்கூட்டியே வரிசையாக எழுதித் தர வேண்டும். கண்ணால் பார்க்காமல் எழுதுவதால்தான் இந்தப் பயமும் இந்த வதந்தியும்.

இடம் ஒதுக்கப்படும் முறை இதுதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட் ஆப் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். கட் ஆப் சமமாக இருந்தால் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எதிலும் பிரிக்க முடியாவிட்டால் கடைசியாக ரேண்டம் எண். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் கம்ப்யூட்டர் எடுத்துப் பார்க்கும்.

உங்கள் மகன் முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரி, இரண்டாவதில் கோவை பி.எஸ்.ஜி., மூன்றாவதில் மதுரை தியாகராசர் கல்லூரி, மூன்றிலும் எலெக்ட்ரிக்கல் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் முறை வரும்போது கிண்டியில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டிலும் இல்லையென்றால் அந்தக் கணமே இரண்டாவது வரி, அதன் பின் மூன்றாவது வரி. அவன் பட்டியல் முழுவதையும் பார்த்து முடித்த பிறகே அவனுக்குப் பின்னால் இருப்பவரின் முறை வரும். கிண்டியை மேலே எழுதிய காரணத்தால் மதுரையில் அவனுக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னொருவருக்குப் போகவே போகாது.

அதைவிட, நிச்சயம் கிடைக்கும் என்று ஒரு சாதாரணக் கல்லூரியை முதல் வரியில் போட்டால்தான் ஆபத்து. இடம் இருந்தால் கம்ப்யூட்டர் அதையே கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் அந்த வரியைப் பார்க்காது. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, 'இந்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ள விருப்பத்தில் காலியானால் மாற்றித் தாருங்கள்' என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்தில் கட்டணம் செலுத்தி இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கலாம். ஆனால் அதிலும் ஒதுக்கப்பட்ட வரிக்கு மேலே இருப்பவற்றைத்தான் பார்ப்பார்கள். முதல் வரியே கிடைத்துவிட்டால் அதற்கு மேலே என்ன இருக்கிறது?

ஆகவே உண்மையான ஆசையின் வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம், உச்சவரம்பு இல்லை. பத்தோடு நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கிடையாது. நூறு வரி எழுதினாலும் நல்லதுதான். ஆனால் கிடைத்தால் மனமாரப் போய்ச் சேரக்கூடிய கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். முந்தைய ஆண்டுகளின் விவரத்தைப் பார்க்கும்போது கட் ஆப்பை விடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். கணிதத் தாள் எளிதாக இருந்த ஆண்டில் அதே 182.5 வெகுவாகப் பின்னால் போய்விடும்.

அப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலான வழக்குக்கு வருகிறேன். பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மொத்தத்தையும் மேலே, எலெக்ட்ரிக்கல் மொத்தத்தையும் கீழே என்று எழுத வேண்டிய அவசியமில்லை. நல்ல கல்லூரியில் எலெக்ட்ரிக்கல், அதற்கடுத்த வரியில் இன்னொரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று கலந்தே எழுதலாம். ஆனால் எது எதற்கு மேலே என்பதை மகன் முடிவு செய்யட்டும் என்பதே என் உறுதியான கருத்து. நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவன்தானே. அப்பாவுக்கு வேலைவாய்ப்பு பற்றிய கவலை என்றால், எலெக்ட்ரிக்கல் படித்தவர்களும் மென்பொருள் நிறுவனங்களில் சேருகிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? பிரவுசிங் சென்டரில் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் உள்ள கைபேசி எண் உங்கள் வீட்டு எண்தானா என்பதையும் பாருங்கள். பட்டியலை முதலில் தாளில் எழுதி, கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு வரிவரியாகச் சரிபார்த்த பிறகு பதிவு செய்யுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் வேறு ஊர்க் கல்லூரி வந்து சேரும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறித்த காலத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அந்த இடம் போய்விடும்.

சலுகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளிக்குப் பொருந்தாது. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தரும் கல்விக் கட்டணச் சலுகை, அதாவது முதல் பட்டதாரிச் சலுகை, உங்கள் மகனுக்கு உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து அந்தச் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

இந்தச் சலுகை அரசுக் கலந்தாய்வில் பெறும் இடத்துக்குத்தான் கிடைக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ நிர்வாக ஒதுக்கீட்டிலோ சேர்ந்தால் கிடைக்காது. தினமும் போன் செய்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கலந்தாய்வு முடியும் வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். மீறிக் கட்டுவதாக இருந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள்.