சென்னையில் ஆட்டோவுக்கு எது கட்டுப்படியாகும்: கமிஷன் ஆப்பா, தினச் சந்தா ஆப்பா?

சொந்த வண்டி, டியூ கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வாடகை வண்டி என்றால் நாள் வாடகையைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதே கணக்குதான்.

சவாரிக்குச் சவாரி ஆப் ஒரு பங்கு பிடித்துக்கொள்வது கமிஷன், நாளுக்கு ஒரே தொகை கட்டுவது சந்தா. சந்தாவா கமிஷனா என்பது ஒரு வகுத்தல் கணக்கு. சந்தா நாளுக்கு ₹25, அந்தப் பக்கம் கமிஷன் 20% என்றால், ₹125 வசூலானதுமே சந்தாக் காசு தேறிவிடும். 2022-ல் பெங்களூரில் வந்த நம்ம யாத்ரி ஆப் கமிஷன் இல்லாமல் ஓட்டிக்காட்டியது. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஜூனில் ஓலாவும் கமிஷனை விட்டுச் சந்தாவுக்கு வந்துவிட்டன. ஆகவே சந்தாதான் லாபம். கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கிளம்ப வேண்டாம், கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் சந்தாவுக்கு மாறியும் கையில் நிற்கவில்லை என்றால், காசு ஒழுகுவது எம்ப்டி கிலோமீட்டரில், அதாவது சவாரி இல்லாமல் காலியாக ஓடும் தூரத்தில்.

உதாரணத்துக்கு கேஸ் ₹3, டயர், ஆயில், பிரேக் எல்லாம் சேர்த்து ₹1.50, ஆகமொத்தம் கிலோமீட்டருக்கு ₹4.50 செலவு. (இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, டியூ மூன்றும் வண்டி நின்றாலும் உண்டு, இதில் சேர்க்காதீர்கள்.) 5 கி.மீ. சவாரிக்கு ₹100. பிக்கப்புக்கு 2.5 கி.மீ. போய், இறக்கிவிட்டு 5 கி.மீ. காலியாகத் திரும்பினால் ஓடியது 12.5 கி.மீ., செலவு ₹56.25, கமிஷனே இல்லாமல் மிச்சம் ₹43.75. அதே சவாரி 20% கமிஷனில், அரை கி.மீ.யில் பிக்கப், இறக்கிய இடத்திலேயே அடுத்த சவாரி என்றால் மிச்சம் ₹55.25. நேரமும் பாதிதான் ஆகும்.

அதனால் சவாரி தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிக்கப் இருந்தால் எடுக்காதீர்கள். காலையில் சிறுசேரி ஐ.டி. பார்க்குக்கு ஆபீஸ் சவாரி சுலபமாகக் கிடைக்கும், திரும்பும்போது எம்ப்டிதான். அங்கே போனால் கேளம்பாக்கம் பக்கம் சின்னச் சவாரிகளை எடுத்துக்கொண்டு மெல்ல வாருங்கள்.

சந்தாவில் சறுக்கும் இடங்களும் உண்டு. பிளான் 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிவதா என்று பார்த்துக் கட்டுங்கள். ராத்திரி 9 மணிக்குக் கட்டி 12 மணிக்கு முடிந்துபோனால் காசு வீண். கஸ்டமர் நேராக உங்களுக்குத்தான் பணம் தருகிறார், தராமல் போனால் ஆப்காரர் பொதுவாகத் தலையிட மாட்டார். இறக்கிவிட்டதும், பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பாக்ஸ் தொகையைச் சொன்ன பிறகே அங்கிருந்து வண்டியை எடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் வைத்தது: முதல் 1.8 கி.மீ.க்கு ₹25, அதற்கு மேல் கி.மீ.க்கு ₹12. அந்த ரேட்டில் 5 கி.மீ.க்கு ₹63.40. மேலே சொன்ன 12.5 கி.மீ. ஓட்டத்தில் அது ₹7.15 மிச்சம். பத்து வருஷத்துக்கு மேல் இதைத் தொடாமல் வைத்துவிட்டு, 'மீட்டர் போடமாட்டேன் என்கிறார்கள்' என்று ஓட்டுநரை மட்டும் ஏசுவது அநியாயம். ஆப் ரேட்டுக்கு ஜனங்கள் போனதற்கும் இது ஒரு காரணம்.

காலையில் கிளம்பும்போதும் ராத்திரி நிறுத்தும்போதும் ஓடோமீட்டரை நோட்டில் எழுதுங்கள். ஆப் காட்டும் சவாரி தூரத்தைக் கூட்டி, அன்று ஓடோமீட்டரில் ஓடிய தூரத்திலிருந்து கழித்தால் எம்ப்டி எவ்வளவு என்று தெரியும். இரண்டு ஞாயிறு வருகிற மாதிரி 14 நாள் எழுதிவிட்டு ஆப்பை மாற்றுங்கள். ஓடோமீட்டர் கேபிள் அறுந்திருந்தால் முதலில் அதை மாற்றிப் போடுங்கள், காலியாக ஓடிய தூரம் ஆப்பின் சவாரிக் கணக்கில் வராது.