எட்டடியில் ஏற முடியுமா?

வாசலும் படியும்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் பதில்கள்

ஐயா, எங்கள் வீடு மண்டூர்ப் பக்கம். சீனி வருத்தத்தால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீல்செயார் ஒன்று கிடைத்திருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறோம். முன்வாசலில் எட்டடி நீளத்துக்கு ஒரு ராம்ப் போட்டுத் தருவதாக மேசன் சொல்கிறார். போடலாமா?
— பெயர் வேண்டாம், மண்டூர்

போடாதீர்கள் தம்பி. அது ராம்ப் அல்ல, சீமெந்து பூசிய ஏணி.

கணக்குச் சின்னது. ஒரு அங்குலம் ஏறுவதற்கு ஒரு அடி நீளம் வேண்டும். உங்கள் வாசல் முப்பது அங்குலம், ஆகவே முப்பது அடி. மேசன் சொல்கிற எட்டடியில் ஒவ்வொரு அடிக்கும் மூன்றே முக்கால் அங்குலம் ஏற வேண்டிவரும். அதில் அப்பா தானாக ஏறமாட்டார். நீங்கள் தள்ளினாலும் பாதியில் மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. ஒரு கால் இல்லாதவருக்கு உடம்பின் பாரம் முன்பைப் போல் இராது, கதிரை சரிந்தால் ஊன்றிப் பிடிக்க அந்தக் கால் இல்லை.

மேசன்மாரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கதையையும் கேளுங்கள். வேலையில் இருந்த காலத்தில் ஒரு பொதுக் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டினோம். வாசல் உயரம் பதினெட்டு அங்குலம், திட்டப்படத்தில் பதினெட்டு அடி. இடையில் வடிகான் குறுக்கிட்டது. கொந்திராத்துக்காரர் ஆறடியில் முடித்துவிட்டு, "சேர், சாய்தளம் இருக்குத்தானே" என்றார். இருந்ததுதான். நானும் பில்லில் கையெழுத்து வைத்தேன். பல வருடம் கழித்து என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து, 2019இல் அதே வாசலுக்கு அவரை வீல்செயாரில் தள்ளிக்கொண்டு போனேன். பாதியில் கதிரை பின்னுக்கு உருண்டது. காவலுக்கு நின்ற பொடியனும் வரிசையில் நின்ற இரண்டு பேரும் ஓடிவந்து, அவரைக் கதிரையோடு நெல் மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே வைத்தார்கள். சேலை விலகியதை இழுத்து மூட அவரிடம் ஒரு கைதான் வேலை செய்தது. வெளியே வந்ததும் கேட்டார்: "இத ஆரு கட்டின?" நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இனி நீங்கதான் தள்ளணும்" என்றார்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். முப்பது அடிக்கு முன்வளவில் இடமில்லையே என்று யோசிப்பீர்கள். நேராகத்தான் போக வேண்டும் என்றில்லை, மடிக்கலாம். பதினைந்து அடி போய், நடுவில் ஐந்தடிக்கு ஒரு மட்டமான மேடை, அங்கே திரும்பி மற்றப் பதினைந்து அடி. இருபதடி நீளமும் எட்டடி அகலமும் இருந்தால் அடங்கிவிடும். நடுமேடையை விட்டுச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள், தள்ளுகிறவர் நின்று மூச்சுவிடும் இடம் அதுதான்.

அதற்கு முன் ஒரு வேலை. ரசமட்டத்தையும் நூலையும் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய் அளந்து பாருங்கள். வாவிக்கு மேற்கே, உங்கள் படுவான்கரையில் நான் பார்த்த பல வீடுகளில் பின்வளவு நிலம் முன்வளவைவிட உயரம். சாம்பலும் மண்ணும் கொட்டிக்கொட்டி அப்படி ஆகிவிடும். முன்னால் முப்பது அங்குலம் இருக்கிற வீட்டுக்குப் பின்னால் பதினெட்டுத்தான் இருக்கும். பன்னிரண்டு அடி மிச்சம். "அப்பாவைக் குசினி வாசலால் ஏற்றுவதா" என்று சொந்தக்காரர் யாராவது முகம் சுளிப்பார்கள். அவர்களா தள்ளப் போகிறார்கள்?

கட்டும்போது கவனிக்க வேண்டியவை: மண்ணை மட்டும் கொட்டி ஏற்றினால் முதல் மாரிக்கே கரைந்துவிடும். இரு கரையிலும் கல் கட்டி, நடுவே கிறவல் போட்டு நன்றாக இடித்து, மேலே கொன்கிறீட் போடுங்கள். மேற்பரப்பை மெழுக வேண்டாம். ஈரம் காய முன் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள், மழையில் வழுக்காது. ரைல் பதிக்கச் சொல்லி யாராவது வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அகலம் மூன்றரை அடி. சில்லு விலகி விழாமல் இரு கரையிலும் மூன்று நான்கு அங்குல வரம்பு. அடிவாரத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் ராம்ப் குளத்தில் போய் இறங்கும்.

இன்னொன்று. இருக்கிற படியை உடைக்காதீர்கள். அப்பாவுக்கு நாளைக்குச் செயற்கைக் கால் பொருத்தினால், அந்தக் காலோடு சரிவில் நடப்பதைவிடக் கைபிடியுள்ள படியில் ஏறுவது பலருக்கு இலகு. ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப்பை மூன்றடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் படியின் இரு பக்கமும் நட்டுவிடுங்கள்.

ராம்ப் முடிந்ததும் மலசலகூடக் கதவு மறந்துபோகும். வீல்செயாரின் அகலம் இருபத்தைந்து, இருபத்தாறு அங்குலம். இரண்டரை அடிக் கதவில் நிலையின் தடிப்பைக் கழித்தால் விரல் முட்டி உரசும். கதவை மூன்றடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரிப் பூட்டுங்கள். உள்ளே யாரும் விழுந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர்களின் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகில், அப்பாவைக் குருமண்வெளிக்கு எப்படிக் கொண்டுபோவது என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேலைக் காலத்தில் பாதையில் போகும்போது கவனித்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் ஏறுகிற பலகையில் வீல்செயாரும் ஏறும். உயரப் படி வைத்த பஸ்ஸைவிட அது எவ்வளவோ மேல். ஏறியதும் பிறேக்கைப் போட்டுவிட்டு ஒருவர் கதிரையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த பொதுக் கட்டடம் ஒன்றில் ஏழு படி, சாய்தளம் இல்லை. கேட்டதற்கு "அப்படி ஆள் வந்தால் நாங்களே தூக்கி விடுவோம்" என்றார்கள். இதற்குச் சட்டம் ஏதும் இல்லையா, அல்லது நாங்கள் கெஞ்சித்தான் கேட்க வேண்டுமா?
— ஊன்றுகோலோடு நடக்கும் வாசகர், கல்முனை

தூக்குவதைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் முதலாவது. அதன் கீழ் 2006 ஒக்டோபர் 17இல் 1467/15ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. ஏற்கனவே இருந்த பொதுக் கட்டடங்களுக்குத் திருத்திக்கொள்ள மூன்று வருட தவணை கொடுத்தார்கள், பிறகு அதை நீட்டினார்கள். தவணை தருவதிலும் நீட்டுவதிலும் நம் நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிறகு கலாநிதி அஜித் பெரேரா, தானும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் இந்த ஒழுங்குவிதிகளுக்கு அமையத்தான் இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே நீங்கள் கேட்பது தருமம் அல்ல.

ஆனால் வர்த்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டால் அலுவலர்கள் கதவைச் சாத்துவார்கள். எழுத்தில் போங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "ஏன் ராம்ப் இல்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு நிதி இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். அங்கீகரித்த திட்டப்படத்தின் பிரதி, அளவீட்டுத் தாள், இறுதிப் பில் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். படத்தில் சாய்தளம் இருந்து நிலத்தில் இல்லாவிட்டால், அதற்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அன்றிரவு நித்திரை வராது. அந்தக் கதிரையில் இருந்தவன் சொல்கிறேன், மேலதிகாரியின் ஏச்சைவிட எங்களுக்குப் பயம் அந்தக் கடிதம்தான்.

"நாலு பேருக்காக இவ்வளவு செலவா" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு இயலாமை இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியையும், முழங்கால் நோவுக்காரரையும், காஸ் சிலிண்டர் இறக்குகிற பொடியனையும் அதில் சேர்க்கவில்லை.

ஐயா, எனக்குக் கண் பார்வை இல்லை. இந்தக் கடிதத்தைத் தங்கச்சி எழுதுகிறாள். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைப்புள்ள கற்கள் பதித்திருக்கிறார்கள். அதன் வழியே போனேன், மின்கம்பத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கல் எதற்கு?
— மட்டக்களப்பு

மகள், அந்தக் கல்லுக்கு ஒரு மொழி இருக்கிறது. நீளக் கோடுகள் புடைத்திருந்தால் "இப்படியே போ". வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால் "நில், முன்னால் படி, தெரு அல்லது ஆபத்து". ஜப்பானில் செய்இச்சி மியாக்கே என்பவர் கண்டுபிடித்தது, 1967இல் ஒக்காயாமா நகரில் முதலில் பதித்தார்கள். மங்கலாகப் பார்வை உள்ளவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் மஞ்சள் நிறம். நம் பக்கத்தில் சில இடங்களில் அதை அழகுக் கல் என்று நினைத்துப் பதிக்கிறார்கள். பதிக்கிறவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கே யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் கந்தோரில் தொலைபேசி இயக்குநராக இருந்தவர், பார்வை இல்லாதவர். ஒருநாள் காந்திப் பூங்காவில் இருந்து பஸ் நிலையம் வரை அவரோடு நடந்தேன். பிரம்பு நிலத்தைத்தான் தட்டும். நிறுத்தியிருக்கிற மோட்டார் சைக்கிளின் சில்லுகளுக்கு நடுவே பிரம்பு புகுந்து போய்விடும், ஹாண்டில் வயிற்றில் இடிக்கும். கடை வாசலில் தொங்குகிற வாழைக்குலைக்குக் கீழே பிரம்புக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, குலை நேரே அவர் முகத்தில் மோதியது. நான் பதறிப்போனேன். அவர் நின்று, கையால் தடவி, மோந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னார்: "கோழிக்கூட்டு வாழப்பழம் நல்லாப் பழுத்திட்டு மொதலாளி, விடியுமுன்ன வித்திருங்க." அடுத்த முறை போனபோது குலை உள்ளே தொங்கியது.

கம்பத்தை நகர்த்த மாதக்கணக்காகலாம், கல்லைத் திருப்பிப் பதிக்க அரை நாள் போதும். பிரதேசத்தைப் பார்க்கிற மாநகர சபை உறுப்பினரைக் கூப்பிட்டு, அவர் கண்ணைத் துணியால் கட்டி, உங்கள் பிரம்பைக் கொடுத்து நடக்கவிடுங்கள். படம் எடுக்க ஆள் இருந்தால் நிச்சயம் வருவார்.

சேர், வாப்பாவுக்கு இப்போது நடக்க ஏலாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும் என்று அழுகிறார். பள்ளிவாசலில் தொழுமுன் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடம் பள்ளமாக இருக்கிறது. சில்லு அழுக்கு என்று உள்ளே விடுவார்களோ என்றும் பயம்.
— சாய்ந்தமருது வாசகி

தங்கச்சி, மார்க்க விஷயத்தை நிர்வாகத்தினரும் மௌலவியும்தான் சொல்ல வேண்டும். கட்டட விஷயம் எனக்குத் தெரியும். வரிசையின் கடைசிக் குழாயில் மட்டும் பள்ளத்தை மூடித் தரையை மட்டமாக்கி, பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு இருக்கையும் சுவரில் ஒரு கைபிடியும் வைத்தால் போதும். ஒரு மேசனுக்கு இரண்டு நாள் வேலை. சில்லுப் பிரச்சினைக்கு, பள்ளிக்கு உள்ளேயே ஒரு வீல்செயாரை நிரந்தரமாக வைத்துவிடலாம், வாசலில் மாறி உட்காரலாம். ஊரில் வாப்பா மாதிரி இன்னும் எத்தனை பேர் வீட்டில் இருந்து அழுகிறார்கள் என்று விசாரித்து, நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து கேளுங்கள்.

கடற்கரை மணலில் வீல்செயார் புதைகிறதே, என்ன செய்யலாம்?
— திருக்கோவில்

புதைவது முன்னால் இருக்கும் சின்னச் சில்லு. கதிரையைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள், பெரிய சில்லு மணலில் ஓடும். இருப்பவருக்குக் கடல் தெரியாது என்பதுதான் குறை. போய்ச் சேர்ந்ததும் திருப்பி விடுங்கள்.

ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு ராம்ப் எத்தனை அடி?
— கல்லடி

இருபது அங்குல வாசல், இருபது அடி. முருங்கை மரத்தைச் சுற்றி மடித்துப் போட்டேன். கொன்கிறீட் போடுவதற்கு முதல் நாள், மண் சரிவிலேயே மனைவியை இருத்தி ஏற்றி இறக்கிப் பார்த்தோம். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார், திருத்தினேன். நடுமேடையில் காலையில் வெயில் படும். இப்போது கீரை ஆய்வது, பேப்பர் வாசிப்பது, ஒழுங்கையால் போகிறவர்களை மறித்துக் கதைப்பது எல்லாம் அங்கே இருந்துதான். ஏறி உள்ளே வாருங்கள் என்றால், இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்கிறார்.