டூம், பிளாக் மெட்டல் கேள்வி பதில்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

அரங்கங்களை நிரப்பும் பெரிய குழுக்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அதிகம் வெளியே தெரியாத ஆல்பங்களைப் பற்றி இங்கே கேளுங்கள். டூம் என்பது மெதுவான, கனமான மெட்டல் இசை. பிளாக் மெட்டல் பெரும்பாலும் வேகமானது, கரடுமுரடான ஒலி கொண்டது.

கேள்வி: டூம் மெட்டலில் எங்கிருந்து தொடங்குவது?

1971இல் வந்த பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யிலிருந்து. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கம்பிகளைத் தளர்த்தினால் அழுத்துவது எளிது என்று அந்த ஆல்பத்தின் பல பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். டூமின் கனம் அங்கேதான் பிறந்தது. அடுத்து சுவீடனின் கேண்டில்மாஸ், 1986, 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்'. பிறகு இங்கிலாந்தின் வார்னிங், 2006, 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்'. பேயும் சாத்தானும் இல்லாத, மனித வேதனை மட்டுமே உள்ள ஆல்பம் அது.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிதார் எழும்பாது. பேஸ் இல்லையென்றால் டூமே இல்லை.

கேள்வி: ஃபியூனரல் டூம் கேட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. இதில் என்ன ரசிக்கிறீர்கள்?

ஃபியூனரல் டூம், டூமிலேயே மிக மெதுவானது. அதில் ரசிப்பது, இரண்டு டிரம் அடிகளுக்கு நடுவே நடப்பதைத்தான். கிதார் கம்பி அதிர்ந்து தேய்வதையும், அந்தத் தேய்மானத்தின் மேல் அடுத்த சுரம் வந்து விழுவதையும் கவனியுங்கள். விளம்ப காலத்தில் பாடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: தாளம் மெதுவாக ஆக, ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

பின்லாந்தின் தெர்கோதான் 1994இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீம் ஃப்ரம் தி ஹெவன்ஸ்' இந்த வகையின் அடித்தளம். மறு ஆண்டே அதே நாட்டின் ஸ்கெப்டிசிசம் 'ஸ்டார்ம்குரோஃப்ளீட்' ஆல்பத்தில் ஆர்கன் ஒலியைக் கிதாருக்குச் சமமாக நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் டிஸெம்பவல்மென்ட் குழுவின் ஒரே முழு ஆல்பம், 1993இல் வந்த 'டிரான்செண்டென்ஸ் இன்டு தி பெரிஃபெரல்'. அதில் ஊர்ந்து போகும் இசை திடீரென்று வெறிகொண்டு ஓடும்.

எனக்கு நெருக்கமானது அமெரிக்கக் குழுவான பெல் விட்ச் 2017இல் தந்த 'மிரர் ரீப்பர்'. 83 நிமிடம், ஒரே பாட்டு, கிதார் கிடையாது. பேஸும் டிரம்ஸும் ஆர்கனும்தான். இசை உருவாகிக்கொண்டிருந்தபோது முன்னாள் டிரம்ஸ் கலைஞர் ஏட்ரியன் குவெர்ரா இறந்துபோனார். முன்பு பதிவாகிப் பயன்படாமல் கிடந்த அவருடைய குரலை நண்பர்கள் பாட்டின் நடுவில் வைத்தார்கள். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: பிளாக் மெட்டல் என்றால் நார்வே மட்டும்தானா?

இல்லவே இல்லை. பிரேசிலின் சார்கோஃபாகோ குழுவின் முதல் ஆல்பம் 1987இலேயே வந்துவிட்டது. செக் குழுவான மாஸ்டர்ஸ் ஹேமரின் 'ரிச்சுவல்', 1991. கிரேக்கத்திலிருந்து ராட்டிங் கிரைஸ்டும் வராத்ரானும் 1993இல் வெளியிட்ட முதல் ஆல்பங்களில் குளிருக்குப் பதில் வெப்பம் இருக்கிறது. ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகள், நிதானமாக உருண்டு வரும். ஜப்பானின் சை குழுவின் முதல் ஆல்பமும் அதே 1993.

கேள்வி: டூமில் புதியவன். எதில் தொடங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் ஒலிப்பதிவுத் துறையில் இருக்கிறேன். பிளாக் மெட்டலின் மோசமான ஒலியைக் கலை என்று சொல்வது பித்தலாட்டம். கையில் காசில்லை, அவ்வளவுதான்.

நார்வேயின் டார்க்த்ரோன் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்குப் போய் நன்றாகப் பதிவு செய்யத் தெரிந்தவர்கள். ஆனால் 1994இன் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்துக்கு அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஃபென்ரிஸ் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, நான்கு தடங்கள் மட்டுமே உள்ள எளிய பதிவுக் கருவியில் பதிவு செய்தார். ஒரே ரிஃப் சுழன்றுகொண்டே இருக்க, டிரம்ஸ் மாறாமல் ஓட, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மெட்டு மெல்ல மேலே வரும். ஒலியைத் துலக்கினால் அந்த மெட்டு முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். தேட எதுவும் இருக்காது.

அதே நண்பர்: அப்படியென்றால் நார்வேயின் எம்பெரர், மேஹெம் குழுக்களின் ஆல்பங்கள்? பெர்கன் நகரத்தின் கிரீகாலன் இசையரங்கில் பதிவானவை. அவை பிளாக் மெட்டல் இல்லையா?

நல்ல அடி. அவை பிளாக் மெட்டல்தான், அதுவும் உன்னதமானவை. அந்த அரங்கின் விசாலம் எம்பெரரின் கீபோர்டுக்குத் தேவைப்பட்டது. டார்க்த்ரோனுக்குத் தேவைப்பட்டது நெருக்கடி. பதிவு செய்யும் முறையும் இசையமைப்பில் ஒரு பகுதி என்பதுதான் என் வாதம். உண்மையிலேயே சோம்பேறித்தனமாகப் பதிவான டெமோக்கள் (முன்னோட்டப் பதிவுகள்) ஆயிரம் உண்டு. அவற்றுக்காக நான் பேசவில்லை.

இன்னொருவர்: நீங்கள் புகழும் அந்த 1994 ஆல்பத்தின் பின்னுறையில் 'நார்வே ஆரிய பிளாக் மெட்டல்' என்று அச்சிட்டிருந்தார்களே?

அச்சிட்டிருந்தார்கள். அது இழிவான வாசகம். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தில் தாங்கள் நாஜிக் குழு அல்ல என்று எழுதினார்கள். அதனால் முந்தைய கறை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த இசையில் நாஜிக் கொள்கையை வெளிப்படையாகப் பரப்பும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் குழுவையும் வெளியீட்டு நிறுவனத்தையும் விசாரியுங்கள். நார்வேயில் தேவாலயங்களை எரித்ததும், பிளாக் மெட்டல் கலைஞர் வர்க் விகர்னஸ் செய்த கொலையும் குற்றங்கள். அவற்றைச் சாகசக் கதைகளாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: டூமும் பிளாக்கும் கலந்த ஆல்பங்கள்?

ஜெர்மனியின் பெத்லஹேம், 'டார்க் மெட்டல்', 1994. கட்டடோனியாவின் 'டான்ஸ் ஆஃப் டிசம்பர் சோல்ஸ்', 1993.

கேள்வி: மெதுவான இசை கேட்க ஆசை. முதலில் எது?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. மேலே இருக்கிறது. கைப்பேசி ஒலிபெருக்கி வேண்டாம் என்பதும் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: டூம் வாசிக்க எந்த கிதார் வாங்கலாம்?

வாத்தியக் கடைக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்பவன் மட்டுமே.

ஒலிப்பதிவு நண்பர் மீண்டும்: பதிவு முறை பற்றிய உங்கள் வாதத்துக்குச் சான்றாக ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

சுவிட்சர்லாந்தின் பேசாஜ் திவெர், 2020இல் வந்த 'இம் வால்ட்'. தனி ஒருவரின் படைப்பு. இருபதாண்டுக்கும் மேலாக டெமோக்களை வெளியிட்டுவந்தவர், இதைத்தான் முதல் முழு ஆல்பம் என்று அறிவித்தார். சுமார் இரண்டு மணி நேரம். பனிப்புயலுக்கு அந்தப் பக்கம் கிதார் ஒலிப்பது போலப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் ஸ்டூடியோ ஒலிபெருக்கிகளில் போட்டுக் கேளுங்கள். எந்த அதிர்வெண்களை நீங்கள் வெட்டியிருப்பீர்கள், வெட்டினால் எது மிஞ்சும் என்று எழுதுங்கள். அங்கிருந்து வாதத்தைத் தொடரலாம்.