மனசு வராமல் செய்தாலும் அது கீழ்ப்படிதல்தானா?

விருப்பமே இல்லாமல் கடவுள் சொன்னதைச் செய்தால் அது கீழ்ப்படிதலா வேஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நோக்கம் நல்லதாக இருந்தால் செயல் தவறினாலும் பரவாயில்லையா என்றும். இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

1 சாமுவேல் 15இல் சவுல் ராஜா அமலேக்கியரோடு யுத்தத்துக்குப் போகிறான். ஆடுமாடு உட்பட எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது கட்டளை. (அந்தக் கட்டளையே நம்மை உறுத்துகிறது, அதைத் தனிக் கேள்வியாகத்தான் பேச வேண்டும்.) அவன் கொழுத்ததையெல்லாம் தப்பவைத்துவிட்டு, சொன்னபடி செய்துவிட்டேன் என்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்கிறார். உடனே பதில் வருகிறது: கர்த்தருக்குப் பலியிடத்தான்! கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது. ஆனால் சில வசனங்கள் தள்ளி அவனே ஒத்துக்கொள்கிறான், ஜனங்களுக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று. ‘என் நோக்கம் நல்லது’ என்பதைப் பெரும்பாலும் மாட்டிக்கொண்ட பிறகுதான் நாம் தேடி எடுக்கிறோம்.

முடியாமல் போவது வேறு. தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டார், அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த விருப்பம் உன் மனதில் இருந்தது நல்ல காரியந்தான் என்று கர்த்தர் சொன்னதாக அவர் மகன் சாலொமோன் பிற்பாடு நினைவுகூருகிறார். காணிக்கையைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதும் இதே கணக்குதான்: மனவிருப்பம் இருந்தால், இல்லாததைக் கேட்க மாட்டார், உள்ளதையே ஏற்றுக்கொள்வார். கையில் இல்லாதவனுக்கு நோக்கமே போதும். இருந்தும் கொடுக்காதவன் இந்த வசனத்தைத் தொடக் கூடாது. ஊசா கதை மட்டும் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. மாடுகள் மிரண்டபோது கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டி விழாமல் பிடிக்கக் கைநீட்டியவன் அங்கேயே விழுந்து சாகிறான். தோளில் சுமக்க வேண்டிய பெட்டியை வண்டியில் ஏற்றியதுதான் பிழையின் ஆரம்பம் என்று நாளாகமத்தை வைத்து விளக்குவார்கள். விளக்கம் சரிதான், மனசுதான் ஆற மாட்டேன் என்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மத்தேயு 21இல் இயேசு சொன்ன இரண்டு மகன்களை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்று அப்பா சொல்கிறார். ஒருவன் ‘மாட்டேன்’ என்றான், பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். இன்னொருவன் ‘போகிறேன் ஐயா’ என்றான், போகவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் மனஸ்தாபம் என்றால் மனம் வருந்துவது. இன்றைக்கு அந்தச் சொல்லை இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்குத்தான் சொல்கிறோம். எனக்கு இரண்டு அர்த்தமும் ஒரே சமயத்தில் தேவைப்பட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். அந்த மகன் சிரித்துக்கொண்டு போனானா, முணுமுணுத்துக்கொண்டு போனானா என்று கதையில் இல்லை. தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் யார் என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்காக உள்ளம் எப்படியிருந்தாலும் சரி என்று அர்த்தமில்லை. அமத்சியா ராஜாவைப் பற்றி 2 நாளாகமம் 25 ஒரே வரியில் சொல்கிறது: செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடு செய்யவில்லை. அந்த ‘ஆனாலும்’ ஒரு மனுஷனுடைய வாழ்க்கைக்கே மதிப்பெண் போட்ட மாதிரி நிற்கிறது. ஆனால் கவனியுங்கள், செம்மையானதைச் செய்தான் என்ற முதல் பாதியை அழிக்கவில்லை. யோனாவுக்கும் அப்படித்தான். நினிவே ஊருக்குப் போய்ப் பிரசங்கி என்று கடவுள் முதலில் சொன்னபோது ஓடிப்போனவன், இரண்டாம் தடவை சொன்னபோது போனான், பிரசங்கித்தான், ஊரே மனந்திரும்பியது. அவனோ நகரத்துக்கு வெளியே போய்க் கோபத்தோடு உட்கார்ந்துகொண்டான். கடனே என்று செய்த பிரசங்கம்தான், ஆனாலும் அது செல்லாது என்று கடவுள் தள்ளவில்லை. யோனாவையும் அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு ஆமணக்குச் செடியை வைத்துக்கொண்டு அவனோடு வாதாடுகிறார், புத்தகம் அவருடைய கேள்வியோடு முடிகிறது. செயலை வாங்கிக்கொண்டார், இதயம் பாக்கி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் கீழ்ப்படிதலைப் புரிந்துகொண்டிருப்பது இப்படித்தான்.

சரி, என் கதை. அண்ணனோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் மனசு வரவில்லை. ‘விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன்’ என்று பிலிப்பியரில் இருக்கிறதே, அவரே விருப்பத்தை உண்டாக்கட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று இருந்தேன். அதற்கு முந்தின வசனத்தில் ‘பிரயாசப்படுங்கள்’ என்று இருப்பது வசதியாக மறந்துவிட்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி போன் செய்தேன். அன்பு பொங்கி அல்ல. மறுநாள் சபையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து, கை நீட்டக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

“நான் பேசினது உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிக்கோண்ணா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரிடா” என்றார். அப்புறம், “அங்க மழை உண்டா?” என்று கேட்டார். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. கடமை தீர்ந்தது என்று படுத்தேன்.

சில வாரம் கழித்து அப்போஸ்தலர் 5இல் வரும் அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். நிலத்தை விற்று அவர்கள் பணம் கொண்டுவந்தது நிஜம். முழுவதும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, பேதுருவே அதைச் சொல்கிறார். ஒரு பங்கை ஒளித்துவைத்துக்கொண்டு, இதுதான் மொத்தம் என்று காட்டியதுதான் பிரச்சினை. அந்த இடத்தில் எனக்கு என் ‘இருந்திருந்தா’ ஞாபகம் வந்தது. அவருக்குக் கஷ்டமாக இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த வார்த்தையை நடுவில் செருகியிருந்தேன்.

ஆனால் அந்த அரைகுறைப் போனைச் செய்யாமல் இருந்திருந்தால், அந்த ‘இருந்திருந்தா’ என் கண்ணில் பட்டே இருக்காது. மனசு சுத்தமாகட்டும் என்று காத்திருந்த இரண்டு வருஷத்தில் மனசு ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். “அன்னிக்கு நான் பேசினது தப்புண்ணா” என்றேன். “அதான் அப்பவே சொல்லிட்டியே” என்றார். இல்லை, சொல்லவில்லை என்றேன்.