இன்னொரு முறை போய் வா

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். சிறு வயது முதலே எதற்கும் தயங்குபவள் என்று பெயர் எடுத்தவள். கடையில் வாங்கிய பொருளை மாற்றிக் கொண்டு வரச் சொன்னால்கூட அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, வாரம் ஒரு புதிய செயலைச் செய்வது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எனக்கு நானே சவால் விட்டுக்கொண்டேன். பதினோரு வாரங்களில் ஒன்பது செய்திருக்கிறேன். காலை வழிபாட்டில் செய்தி வாசித்தேன், பாகற்காய் சாப்பிட்டேன், சைக்கிளுக்கு நானே பஞ்சர் ஒட்டினேன், துணையில்லாமல் இடியாப்பம் பிழிந்தேன். இன்னும் சில உண்டு. சிலம்ப வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போனேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டதால் மறுநாள் போகவில்லை. பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்து நின்றேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அதன்பிறகு மேடை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. அப்பா என்னைத் தனியாகப் பஸ்ஸில் எங்கும் விடுவதில்லை. "படிக்கிற வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்கிறார் அம்மா. பிறர் பார்க்க வேண்டும் என்றுதான் நான் இவற்றைச் செய்கிறேன் என்று தோழி சொல்கிறாள். இந்தச் சவாலைத் தொடரலாமா? பாதியில் விட்டவை எல்லாம் தோல்விதானா?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அன்பு மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு பொருளை மாற்றிக் கேட்கத் தயங்கியவள், முந்நூறு பேர் நிற்கும் காலை வழிபாட்டில் செய்தி வாசித்திருக்கிறாய் என்பதை முதலில் நீயே ஒரு முறை நினைத்துப் பார். உன் சவாலைத் தொடரத்தான் வேண்டும். ஆனால், அதன் கணக்கை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. நீ குறிப்பிட்டவை எல்லாம் ஒரே ஒரு முறை செய்தவை. முதல் முறை செய்யும்போது மனத்தை நிறைத்திருப்பது பெரும்பாலும் பயம்தான். கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகும்போதுதான் அந்தச் செயலையே நாம் பார்க்கத் தொடங்குகிறோம். வாரம் ஒரு புதுமை என்று ஓடினால், ஐம்பத்திரண்டு முறை பயந்த நினைவுதான் ஆண்டு முடிவில் மிஞ்சும்.

இதை நான் என் உடம்பால் அறிந்தவள். உன் வயதில், எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் என் அத்தை எனக்கு நீச்சல் பழக்கினார். காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டைக் கயிற்றால் என் முதுகில் கட்டி, "ஏட்டி, தண்ணி உன்னைத் தூக்கும், காலை அடி" என்று சொல்லி இறக்கிவிட்டார். முதல் நாள் எனக்கு நினைவிருப்பவை, மூக்கில் ஏறிய தண்ணீரும் கடைசிப் படியில் இருந்த பாசியை நகத்தால் பற்றிக்கொண்டதும்தான். அன்று மாலையே இனி வரமாட்டேன் என்று அழுதேன். அத்தை வற்புறுத்தவில்லை, மறுநாள் காலில் தண்ணீர் படும்படி படியில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், கிணற்றுச் சுவரின் பொந்தில் ஒரு மைனா குஞ்சுகளுக்கு இரை கொடுப்பதையும், வெயில் ஏற ஏறத் தண்ணீரின் நிறம் மாறுவதையும் கண்டேன். முந்தைய நாளும் அவையெல்லாம் அங்கேதான் இருந்திருக்கும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ஒரு குடுக்கையை அவிழ்த்தார். மற்றதை எப்போது அவிழ்த்தார் என்பதே எனக்குத் தெரியாது.

என் அத்தை அனுபவத்தால் செய்ததை அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியல் அறிஞர் ஆய்வாகவே செய்து 1924-இல் வெளியிட்டார். மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலைக் கண்டால் பெரும் பயம். முதலில் கூண்டில் அடைத்த முயலை அறையின் தொலைவான மூலையில் வைத்தார்கள். பிறகு சில அடிகள் அருகே, பிறகு கைக்கெட்டும் தூரத்தில், பிறகு கூண்டுக்கு வெளியே என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். இடையில் பீட்டர் காய்ச்சலில் படுத்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. திரும்பும் வழியில் பெரிய நாய் ஒன்று பாய்ந்து மிரட்டியதில், தணிந்திருந்த பயம் முழுவதும் திரும்பிவிட்டது. அவர்கள் கைவிடவில்லை. அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முயலைச் சிறிது சிறிதாக மீண்டும் அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரல்களை மெல்லக் கொறிப்பதற்கும் அந்தச் சிறுவன் இடம் கொடுத்தான். பேச்சுப் போட்டியில் நீ மறந்து நின்றதும், முன்வரிசையில் சிலர் சிரித்ததும் உனக்குக் குறுக்கே பாய்ந்த நாய். அதைத் தோல்வி என்று எழுதாதே; கூண்டைச் சில அடிகள் பின்னால் தள்ளி வைத்து மறுபடியும் தொடங்கு.

மேடைக்கு உடனே போக வேண்டாம். காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கும் வாய்ப்பை வகுப்பாசிரியரிடம் இன்னும் மூன்று முறை கேட்டு வாங்கிக்கொள். தாளைப் பார்த்து வாசிப்பதில் மறதிக்கு இடமில்லை. கூட்டத்தின் முன் நிற்பது மட்டும் பழகும். அதன்பின் மூன்று நிமிடப் பேச்சு ஒன்றைத் தயார் செய்து, முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, நடுப்பகுதியை நான்கைந்து குறிப்புச் சொற்களாக வைத்துக்கொள். முழுப் பேச்சையும் வரிக்கு வரி மனப்பாடம் செய்பவர்களுக்கு ஒரு சொல் நழுவினால் அடுத்த வரியும் நழுவிவிடுகிறது. உனக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சை முதலில் பாட்டியிடமோ அத்தையிடமோ நின்றுகொண்டே சொல், பிறகு ஐந்து தோழிகளிடம், பிறகு வகுப்பில்.

சிலம்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பைச் சுழற்றத் தொடங்குபவர்களுக்கு உள்ளங்கை கொப்பளிப்பது இயல்பு. இறுக்கிப் பிடிப்பதால்தான் கொப்பளிக்கிறது. பழகப் பழகப் பிடி தளரும். தோல் ஆறும்வரை கம்பைத் தொடாமல் காலடி வரிசைகளை மட்டும் பழக முடியுமா என்று ஆசானிடம் கேட்டுப் பார். காலடிதான் சிலம்பத்தின் அடிப்படை என்பதால் எந்த ஆசானும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்வதும் நல்லது. நான்கு வாரம் போய்ப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடு. பழகிப் பார்த்துப் பிடிக்காமல் கைவிடுவது வேறு, கொப்பளத்துக்காகக் கைவிடுவது வேறு.

இனி உன் அப்பா. அவருக்கும் ஒரு முயல் இருக்கிறது, மகளே. மகள் தனியாக வெளியே போவதுதான் அது. அவரிடம் வாதாடிப் பயனில்லை; அவர் பயத்தையும் படிப்படியாகத்தான் தணிக்க முடியும். முதல் வாரம் நூலகத்துக்கு அவரையே உடன் வரச் சொல். அடுத்த வாரம் அவர் பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிடட்டும். மூன்றாம் வாரம் ஒரு தோழியோடு போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வா. அந்த நேரம் தவறக்கூடாது. அதைக் காப்பாற்றுவதில்தான் உன் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உன் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட அணி இருந்தால் சேர்ந்துகொள். அதன் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஆசிரியர்கள் துணையோடு போவதால், வேறு எங்கும் அனுப்பாத பெற்றோரும் அனுப்பச் சம்மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உன் மாவட்டத்திலேயே அப்பாவோடு சேர்ந்து செய்யத்தக்க ஒன்றையும் சொல்கிறேன். நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பொங்கல் விடுமுறையில் போய் வாருங்கள். குளத்துக் கருவேல மரங்களிலும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளையும் காணலாம். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. பொங்கலையொட்டிய நான்கு நாட்களும் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்டு இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன், இப்போதிருந்தே உன் வீட்டு மொட்டை மாடியில் நின்று வாரம் ஒரு முறை எண்ணிப் பழகு. காக்கையும் மைனாவும் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் முதல் நாள் எழுதுவாய். ஐந்தாம் வாரத் தாளை எனக்கு அனுப்பு.

தோழி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. பதின்வயதினர், இளைஞர், பெரியவர் என்று மூன்று பிரிவினரிடம் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2005-இல் வெளியானது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தைத் தேடினார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கும்போது, யாரும் பார்க்காவிட்டாலும், படம் எடுக்காவிட்டாலும் இதைச் செய்வேனா என்று உன்னையே கேள். செய்யமாட்டேன் என்றால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதும், தாமிரபரணியின் ஆழம் தெரியாத இடத்தில் குதிப்பதும் துணிச்சல் ஆகா. நீச்சல் பழக விரும்பினால் பயிற்சியாளர் நிற்கும் குளத்தில் பழகு. யாராவது உன் சவாலைச் சாக்காக வைத்து உனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொல்லி நெருக்கினால், வீட்டில் சொல். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசு.

ஒரு சிறிய செயலையும் உன் பட்டியலில் சேர்த்துக்கொள். பத்து வயது நிறைந்தவர்கள் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். 500 ரூபாய் போதும். படிவத்தை நீயே நிரப்பி, சந்தேகத்தை நீயே கேட்டு, வரிசையில் நீயே நின்று தொடங்கு. கடையில் பொருளை மாற்றக் கேட்கத் தயங்கிய பெண்ணுக்கு மலை ஏறுவதைவிட அது கடினமாக இருக்கலாம். அதன்பின் மாதம் ஒரு முறை பணம் கட்டப் போவாய் அல்லவா? அந்த இரண்டாம், மூன்றாம் முறைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. கீபோர்டு, ஓவியம், ஜூடோ என்று எல்லாவற்றிலும் சேர வேண்டும் என்பாள். ஒரு மாதத்தில் விட்டுவிடுவாள். கீபோர்டு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. இனி எதற்கும் பணம் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரியா?
— ஓர் அன்னை, கோவில்பட்டி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, சகோதரி, ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். தனக்கு எது ஒத்துவரும் என்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வயது அது. நீங்கள் மாற்ற வேண்டியது பணம் செலவாகும் வரிசையை. கருவியை முதலில் வாங்காதீர்கள். இரவல் கேட்கலாம், வகுப்பில் இருப்பதையே பயன்படுத்தச் சொல்லலாம். சேரும் முன்பே, எட்டு வகுப்புகள் வரை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்துவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு முடிந்த அன்று, விடுவதா தொடர்வதா என்பதை அவளே சொல்லட்டும். அவள் விட்டால், "நான் அப்பவே சொன்னேன்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. வகுப்பிலிருந்து திரும்பும் மகளிடம் என்ன பரிசு, எத்தனையாம் இடம் என்று கேட்காமல், இன்று எது கடினமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கீபோர்டை மட்டும் அலமாரியிலிருந்து இறக்கி, அவள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நேரமிருந்தால் நீங்களே ஸ்வரங்களை அழுத்திப் பழகுங்கள். தவறாக வாசிக்கும் தாயைத் திருத்துவதற்கென்றே பிள்ளைகள் அருகில் வந்து உட்காருவார்கள்.

கேள்வி: எனக்குக் கூட்டம் பிடிக்காது. புதிய அனுபவம் என்றால் மனிதர்களோடு பழகுவதாகத்தான் இருக்க வேண்டுமா?
— பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: இல்லை, மகளே. யாரிடமாவது ஒரு பைனாகுலரை இரவல் வாங்கி, வியாழன் கோள் தெரியும் மாதத்தில் மொட்டை மாடிக்குப் போ. கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றி, ஆடாமல் பார்த்தால், கோளின் இரு பக்கமும் ஒரே கோட்டில் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்டறிந்த நான்கு நிலவுகள் அவை. சில இரவுகளில் மூன்றுதான் தெரியும். பார்த்ததைத் தாளில் அப்படியே வரைந்து தேதி போடு. மறுநாள் இரவு மாடிக்குப் போகும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொள். புள்ளிகள் இடம் மாறியிருக்கும்.