சோறு இருக்கிறது, குழம்புக்குத்தான் காசில்லை

கேள்வி: காட்பாடி பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். காலை 7 மணிக்கு கம்பெனி பஸ். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு வாரம் சவாரி இருக்கும், ஒரு வாரம் இருக்காது. மாமியார், எட்டாவது படிக்கும் பையன், நாலாவது படிக்கும் பெண் என்று மொத்தம் ஐந்து பேர். பிள்ளைகள் அரசுப் பள்ளி. வாடகையும் குழுக் கடனும் போனால் சாப்பாட்டுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது. ரேஷன் அரிசி இருப்பதால் சோற்றுக்குக் குறைவில்லை, குழம்புக்குத்தான் திண்டாட்டம். பருப்பையும் முட்டையையும் குறைத்துவிட்டேன். பாதி நாள் ரசமும் ஊறுகாயும்தான். அப்படியும் 20ஆம் தேதிக்கு மேல் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதச் செலவை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். செலவு கம்மியாக, சீக்கிரமாகச் செய்கிற மாதிரி சமையல் சொல்லுங்கள். வீடியோக்களில் 'சிக்கன சமையல்' என்று போட்டுவிட்டு பன்னீரும் வெண்ணெயும் போடுகிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. பையன் பள்ளிக்கூடச் சாப்பாடு வேண்டாம், டப்பா கட்டிக்கொடு என்கிறான்.
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

செலவை எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. அதைப் பார்க்காமல் பதில் எழுதியிருந்தால் நானும் நாலு சமையல் குறிப்பு கொடுத்து முடித்திருப்பேன். உங்கள் கணக்கில் இட்லி மாவு பாக்கெட் 880 ரூபாய். சாயந்திரம் பிள்ளைகளுக்கு வாங்கும் பஜ்ஜி, போண்டா 1,200. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டில் வாங்கும் சாம்பார்தூள், ரசப்பொடி, ஊறுகாய், எண்ணெய் எல்லாம் சேர்ந்து 600. சனிக்கிழமை பரோட்டா பார்சல் 800. கூட்டினால் 3,480. அதே மாதத்தில் பருப்புக்கும் முட்டைக்கும் நீங்கள் செலவு செய்தது வெறும் 410 ரூபாய்.

குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு, குறைக்கக் கூடாததைக் குறைத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. காலை 7 மணி பஸ்ஸைப் பிடிக்கிற யாருக்கும் பாக்கெட்தான் கைக்கு முதலில் வரும். ஆனால் பருப்பு, கடலை, முட்டை மூன்றும் சோற்றுக்குத் துணை மட்டுமில்லை, பசியை நிறுத்துவதும் அவைதான். ரசமும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பசிக்குத்தான் 1,200 ரூபாய்க்கு பஜ்ஜி.

முதலில் ரேஷன் கடை. அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று தெரிகிறது, ஏனென்றால் உங்கள் பட்டியலில் பருப்பும் பாமாயிலும் வெளிக்கடை விலையில் இருக்கின்றன. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், கார்டுக்கு மாதம் ஒன்று ஒன்று. சரக்கு வந்த அன்று போகாவிட்டால் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள், அது எல்லா ஊரிலும் உள்ள கதை. பகலில் வீட்டில் இருப்பவர் மாமியார்தான். தெருவில் நாலு வீட்டாரோடு பேசி வைத்தால் பருப்பு வந்த சேதி தானாக வந்துவிடும். அப்புறம், ரேஷன் அரிசியில் கொஞ்சம் வேறு மாதிரி மணிகள் கலந்திருப்பதைப் பார்த்து பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலந்திருப்பார்கள். எறிய வேண்டாம். வடிக்கிற வீடாக இருந்தால் கஞ்சியையும் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடிக்கலாம், குழம்பைக் கெட்டியாக்கவும் ஆகும்.

இட்லி மாவுக்கு ரேஷன் புழுங்கலரிசியே போதும். 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஞாயிறு, புதன் என்று வாரம் இரண்டு தடவை அரைத்தால் போதும். நம்ம வேலூர் வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும்தான். புளித்ததில் வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் ஊற்றுங்கள், பிள்ளைகளுக்கு இட்லியைவிட அதுதான் பிடிக்கும்.

இனி சமையல். உங்களுக்கு நேரம் இருப்பது ராத்திரியில்தான், அதனால் ராத்திரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாரத்தில் இரண்டு ராத்திரி கேழ்வரகுக் களி. நம்ம ஊர்ச் சாப்பாடு, உங்கள் மாமியாருக்குக் கிளறத் தெரியாமல் இருக்காது. கேழ்வரகைத் தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள். மாவு பாக்கெட் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள். ஐந்து பேருக்கு 2 டம்ளர் மாவு, அரை டம்ளர் நொய். நொய் இல்லையா, ரேஷன் பச்சரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் நொய்தான். 5 டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு நொய்யைக் குழைய வேகவிடுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறக் கூடாது. களி கிளறும் கட்டையின் காம்பால் குவியலின் நடுவே ஒரு ஓட்டை போட்டு, தீயைத் தணித்து, மூடி வைத்து ஐந்தாறு நிமிடம் விடுங்கள். தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே கொதித்து வந்து மாவை வேகவைக்கும். பிறகு இறக்கி வைத்து, கட்டி இல்லாமல் அழுத்திக் கிளற வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அவசரப்பட்டு மாவு கொட்டியதுமே கிளறினால் உள்ளே வேகாத மாவு நிற்கும், வயிறு வலிக்கும்.

களிக்குத் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல். ஐந்து பேருக்கு 100 கிராம் கடலை தாராளம். வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், பூண்டு, துளி புளி, உப்பு, அவ்வளவுதான். இல்லையென்றால் கீரைக் கடையல். ஒரு கட்டுக் கீரையோடு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, பச்சை மிளகாய், பூண்டு, தக்காளி போட்டு வேகவைத்து மத்தால் கடைந்து தாளித்தால் பதினைந்து நிமிட வேலை. முருங்கைக்கீரைக்குக் காசே வேண்டாம், தெருவில் யார் வீட்டு மரத்திலாவது இருக்கும். மீந்த களியைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் கரைத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் 7 மணிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. கேழ்வரகு சர்க்கரைக்கு மருந்து என்று மாமியாரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதிலும் மாவுச்சத்துதான் அதிகம். அவருக்கு ஒரு சின்ன உருண்டை களியும் நிறையக் கீரையும் துவையலும் வையுங்கள். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் சீக்கிரம் ஏறும், அது அவருக்கு வேண்டாம். சோற்றுக்கும் இதே கணக்குதான்: சோறு பாதி, பருப்பும் காயும் மீதி. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அடுத்தது கொள்ளு. மாட்டுக்குப் போடுவது என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். வெந்த தண்ணீர் ரசத்துக்கு: புளி கரைத்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு ஒரு நுரை கட்டினால் போதும். வெந்த கொள்ளில் பாதியை வெங்காயம், மிளகாய் வதக்கிக் கடைந்தால் கடையல். மீதிப் பாதியைத் தாளித்து வைத்தால் பிள்ளைகளுக்குச் சாயந்திரச் சுண்டல். ஒரே அடுப்புச் செலவில் மூன்று ஐட்டம். கொள்ளு ஒருநாள் என்றால் வேர்க்கடலை ஒருநாள் வேகவைத்து, காராமணி ஒருநாள், மொச்சை ஒருநாள். மாமியார் செய்து வைத்துவிடுவார். முதல் வாரம் பிள்ளைகள் 'பஜ்ஜி இல்லையா' என்று கேட்கத்தான் செய்யும். வாரம் ஒருநாள் பஜ்ஜி வீட்டிலேயே போட்டுக்கொடுங்கள், சண்டை வராது.

காலைச் சமையலை ஒரு குக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் பருப்பு, மேலே பாத்திரத்தில் அரிசி. அந்தப் பருப்பில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப்போட்டுத் தாளித்து, தக்காளியும் ஒரு துளி புளியும் சேர்த்தால் கிள்ளிப்போட்ட சாம்பார். தூளே வேண்டாம். தூள் வேண்டிய குழம்புக்கு மிளகாயும் தனியாவும் வாங்கி மாதத்துக்கு ஒருதடவை மிஷினில் அரைத்துக்கொண்டால் அந்த 600 ரூபாயில் ஒரு பங்கு மிஞ்சும். கேஸை மிச்சம் பிடிக்க வேண்டிய நாளில் பச்சைப்புளி ரசம் இருக்கவே இருக்கிறது. புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்புப் போட்டுக் கையால் பிசைந்துவிட்டால் முடிந்தது. தாளிப்பதற்கு மட்டும்தான் அடுப்பு. ஆனால் அதோடு பருப்புத் துவையலோ முட்டையோ இருக்க வேண்டும். ரசம் தனியாக ஒரு சாப்பாடு ஆகாது.

முட்டையை ட்ரேயாக வாங்குங்கள், 30 முட்டை. வேகவைத்து, உரித்து, பாதியாக வெட்டிக் குழம்பில் போடுவதைவிட, கொதிக்கிற காரக்குழம்பில் ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். ஆளுக்கு ஒரு முழு முட்டை கிடைக்கும், கேஸும் மிச்சம். முட்டைகோஸ் பொரியலில் இரண்டு மூன்று முட்டை உடைத்துக் கிளறினாலும் ஐந்து பேருக்குக் காணும்.

காய்கறிக்கு காட்பாடி உழவர் சந்தை. விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, எது கீழே இறங்கியிருக்கிறதோ அதை வாங்குங்கள். 'இன்று கத்திரிக்காய் குழம்பு' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போனால் கத்திரிக்காய் என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் நம்ம மாவட்டத்துப் பெருமைதான், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விலை இறங்கினால் வாங்குங்கள், இல்லையென்றால் சாதாரணக் கத்திரிக்காயே போதும். ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் தக்காளி கொட்டிக் கிடக்கிற சமயத்தில் இங்கேயும் விலை விழும். அப்போது மூன்று நாலு கிலோ வாங்கித் தொக்கு கிண்டிவிட்டால் ஊறுகாய் பாக்கெட் தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமைக் கறி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கறி இல்லாத ஞாயிறு இருந்தால் வீட்டில் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கறிக்கடையில் அரைக் கிலோ எலும்பு கேளுங்கள், கறி விலையில் கொஞ்சம்தான் ஆகும். அதில் தால்சா வையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இஸ்லாமிய வீட்டு விருந்தில் பிரியாணியோடு ஊற்றுவார்களே, அதேதான். எலும்பை மஞ்சள், இஞ்சி பூண்டு விழுதோடு குக்கரில் நன்றாக வேகவிட்டு, அந்தச் சாற்றில் வெந்த பருப்பு, கத்திரிக்காய், சுரைக்காய், மிளகாய்த்தூள், கொஞ்சம் புளி சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். மாங்காய்க் காலத்தில் புளிக்குப் பதில் மாங்காய். வெள்ளைச் சோற்றில் ஊற்றினாலும் கறிக்குழம்பு சாப்பிட்ட திருப்தி. மாதத்தில் இரண்டு ஞாயிறு இது, ஒரு ஞாயிறு கருவாட்டுக் குழம்பு, ஒரு ஞாயிறு கோழி என்று வைத்துக்கொள்ளலாம்.

பையன் விஷயம். எட்டாவது படிக்கிற வயதில் சத்துணவு வரிசையில் நிற்கக் கூச்சம். அவனைத் திட்டாதீர்கள், 'நம்மகிட்ட காசில்லை' என்றும் சொல்லாதீர்கள், கூச்சம் இன்னும் கூடும். பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு அங்கே ஒரு முட்டை இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கில் அது பெரிய விஷயம். சாப்பாடு அங்கே, தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து என்று பேசி முடியுங்கள். சின்ன டப்பாவில் கடலைப் பொடியோ தக்காளித் தொக்கோ கொடுத்தனுப்பினால், கூட உட்காருகிறவன் கேட்டு வாங்குவான். அதற்கப்புறம் கூச்சம் போய்விடும். நாலாவது படிக்கும் பெண்ணுக்குப் பள்ளியிலேயே காலை உணவும் உண்டு. அவளுக்காக ஆறு மணிக்கு இட்லி ஊற்றிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால், அதை நிறுத்திவிட்டு உங்கள் கூழை உட்கார்ந்து குடியுங்கள்.

சம்பளம் வந்ததும் மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ரேஷன் பருப்பு போக வெளியில் ஒரு கிலோ, வேர்க்கடலை 2 கிலோ, கொள்ளு, காராமணி, மொச்சை மூன்றும் சேர்ந்து 2 கிலோ, உளுந்து 2 கிலோ, கேழ்வரகு 5 கிலோ, முட்டை ஒரு ட்ரே. இதற்கான காசு அந்த மாவு பாக்கெட்டிலும் பஜ்ஜியிலும் இருக்கிறது, புதிதாகத் தேட வேண்டாம். முதல் மாதம் கடைக் கடனையும் அடைக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் இழுக்கும். அந்த மாதம் கோழியை விட்டுவிட்டு எலும்போடு நிறுத்துங்கள்.

சனிக்கிழமை பரோட்டாவை நான் அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாரம் முழுக்க லோடு ஏற்றி இறக்கிய மனிதர் ஆசையாக வாங்கி வருகிறார். மாதம் நாலு தடவையை இரண்டாக்குங்கள், அது போதும். சால்னாவை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். ராத்திரியே நன்றாகக் கொதிக்கவிட்டு வைத்து, காலையில் மறுபடி சூடாக்கினால் ஞாயிறு இட்லிக்கு ஆகும்.